கையிலேயே உருகிய சோர்பே

குரு என்றதும் தாடியைத் தேட வேண்டாம். இந்தக் குருவுக்கு முப்பது வயதுதான். பெயர் ஒதீல். மான்தோலுக்குப் பதில் இரண்டு ஃப்ரீசர் வைத்திருந்தாள்.

புதுச்சேரியில், ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில், அவள் சோர்பே செய்யக் கற்றுக்கொடுத்தாள். சோர்பே ஒன்றும் பெரிய வித்தையில்லை. பழத்தைக் கூழாக்கி, சர்க்கரைப் பாகு சேர்த்து, உறைய வைத்து, முள்கரண்டியால் சுரண்ட வேண்டும். பால் கிடையாது. பரிமாறும்போது மேலே நுரைக்கும் ஒயின் ஊற்றுவார்கள். அவ்வளவுதான்.

சீடர்கள் எல்லாரும் குருவைவிட வயதில் பெரியவர்கள். அமலோற்பவத்துக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஆனாலும் "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவாள். ஒதீல் அவளை "அக்கா" என்பாள்.

வந்த முதல் நாளே அமலோற்பவம் அவசரப்பட்டாள்.

"எனக்கு ஷாம்பேன் சோர்பே மட்டும் போதும் டீச்சர்."

"ஷாம்பேன் வாங்கப் போறீங்களா?"

"அதுக்கு நான் எங்க போறது? கடையில இருக்கிற சாதா நுரை ஒயின்தான்."

"அப்ப நுரை ஒயின் சோர்பேன்னே சொல்லுங்க."

மற்றவர்கள் சிரித்தார்கள். அமலோற்பவமும் சிரித்தாள். அவளுக்கு எப்படியாவது கற்றுக்கொண்டாக வேண்டும்.

காரணம் இருந்தது. மகள் ஜொஸ்லினுக்குக் காரைக்காலில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பிரான்ஸில் இருந்துவிட்டுத் திரும்பியவர்கள். அவர்கள் வீட்டில் விருந்து நுரை ஒயின் ஊற்றிய சோர்பேயோடுதான் முடியும். ஒயின் இல்லாத விருந்து என்றால் ஏன் இல்லை என்று கேட்பார்கள்.

அந்தக் கேள்விக்கு அமலோற்பவத்திடம் பதில் இருந்தது. சொல்லத்தான் முடியாது.

அவள் கணவர் சவரிராயன் குடித்தவர். கொஞ்சநஞ்சமில்லை, தெருவே எழுந்து வந்து தூக்கிவிடும் அளவுக்குக் குடித்தவர். பிறகு ஒருநாள் நிறுத்தினார். வருடங்கள் ஆகிவிட்டன. அதன் பிறகு அந்த வீட்டுக்குள் பாட்டில் வந்ததில்லை. காரைக்கால்காரர்களுக்கு இது தெரியாது. தெரியவும் வேண்டாம் என்று அமலோற்பவம் முடிவு செய்திருந்தாள். சவரிராயனைக் கேட்டு முடிவு செய்யவில்லை.

மாப்பிள்ளையின் அத்தை ரெஜினா பெண்ணைப் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினாள். அன்று காலை அமலோற்பவம் ஒரு பாட்டிலோடு ஒதீலின் சமையலறைக்கு வந்தாள். திறந்தாள். ஒரு எவர்சில்வர் தூக்கை எடுத்து அதற்குள் ஊற்றினாள்.

"என்ன அக்கா பண்றீங்க?"

"பாட்டிலோட வீட்டுக்குள்ள போக முடியாது டீச்சர்."

"தூக்குல வெச்சா நுரை போயிடும்."

"போகட்டும். வாசனை இருந்தா போதும். மாம்பழக் கூழோட கலந்து உறைய வெச்சிடுவேன்."

"மேலதானே ஊத்தச் சொன்னேன்?"

"மேசையில வெச்சு ஊத்தினா, இவருக்கு ஏன் ஊத்தல, அவருக்கு ஏன் ஊத்தலன்னு பேச்சு வரும். முன்னாடியே கலந்துட்டா எல்லாக் கிண்ணமும் ஒண்ணுபோல இருக்கும்."

"ஒயின் கலந்தா சரியா உறையாது அக்கா. கொழகொழன்னு நிக்கும்."

"நின்னா நிக்கட்டும்."

ஒதீல் தூக்கின் மூடியைக் கொஞ்சம் தளர்த்தி வைத்தாள். அமலோற்பவம் அதை நன்றாக அழுத்தி மூடிக்கொண்டு கிளம்பினாள்.

வழியில் ஷேர் ஆட்டோ ஒரு குழியில் இறங்கி ஏறியது. மூடி டப்பென்று கழன்று விழுந்தது. புடவையெல்லாம் நுரை.

"என்னம்மா அது, இப்படிப் பொங்குது?" என்றார் ஆட்டோக்காரர்.

"ரசம்."

"ரசமா? எதுக்கும் டாக்டர்கிட்ட காட்டிட்டுக் குடிங்கம்மா."

மிச்சத்தை மடியில் வைத்து, இரண்டு கையாலும் மூடியைப் பிடித்துக்கொண்டே அமலோற்பவம் வீடு போய்ச் சேர்ந்தாள்.

அடுத்த வகுப்புக்கு வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி இது.

"டீச்சர், அரை மணி நேரம் கையில வெச்சிருந்தாலும் உருகாத மாதிரி சோர்பே செய்ய வழி இருக்கா?"

"ஜெலட்டின் போடுங்க" என்றாள் ஒருத்தி.

"சோள மாவு" என்றாள் இன்னொருத்தி.

"அதுக்கு பேசாம மாம்பழ அல்வாவா கிண்டிடலாம்" என்றாள் மூன்றாமவள்.

ஒதீல் அன்னாசிப்பழம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"யார் அரை மணி நேரம் கையில வெச்சிருந்தது?"

அமலோற்பவம் ஒரு முள்கரண்டியை எடுத்துத் துடைத்தாள்.

"என் வீட்டுக்காரர்."

"ஏன்?"

"பல் கூச்சம்."

"பல் கூசினா வேணாம்னு சொல்லிட்டுக் கீழ வைக்கலாமே" என்றாள் அல்வாக்காரி. எல்லாரும் சிரித்தார்கள். அமலோற்பவம் இந்த முறை சிரிக்கவில்லை.

வகுப்பு முடிந்தது. மற்றவர்கள் போனார்கள். அமலோற்பவம் போகவில்லை. கேள்விக்குப் பதில் வரவில்லையே.

ஒதீல் ஃப்ரீசரைத் திறந்தாள். உறைந்த சோர்பே நிரம்பிய ஒரு கண்ணாடிக் கிண்ணத்தை எடுத்து அமலோற்பவத்தின் உள்ளங்கையில் வைத்தாள். பிறகு திரும்பிப் போய் அன்னாசியை நறுக்கத் தொடங்கினாள்.

கொஞ்ச நேரம் போனது.

"டீச்சர், கை எரியுது."

"ம்."

"விரலே இருக்கிற மாதிரி தெரியல."

"ம்."

"கீழ வைக்கலாமா?"

ஒதீல் கத்தியை நிறுத்தினாள்.

"வைக்கக் கூடாதுன்னு நான் சொன்னேனா அக்கா?"

இல்லை. அவள் சொல்லவில்லை. கையில் கொடுத்தாள், அவ்வளவுதான். அமலோற்பவத்துக்கு முன்னால் மேசை இருந்தது. கைக்கு எட்டும் தூரம்.

அவள் கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவர்கிட்ட நான் சொன்னேன்" என்றாள்.

ஒதீல் கத்தியைக் கீழே வைத்தாள்.

"வாயால சொல்லல. வாசனை பட்டதும் அவர் கீழ வைக்கப் போனார். நான் பார்த்தேன். பார்த்த பார்வையில திரும்ப எடுத்துக்கிட்டார்."

"அவர் கிண்ணத்திலயும் ஒயின் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அவருக்கு ஆகாதா?"

"குடிச்சவர் டீச்சர். விட்டவர்." அமலோற்பவத்தின் குரல் இறங்கியது. "அவருக்கு மட்டும் ஒயின் இல்லாம தனியா ஒரு கிண்ணம் வெச்சிருக்கலாம். வைக்கல. ஒயின் இல்லாட்டி அது மட்டும் கெட்டியா உறைஞ்சு நிக்கும், மத்ததெல்லாம் கொழகொழன்னு இருக்கும். ரெஜினா அத்தைக்கு வித்தியாசம் தெரிஞ்சிடும்னு நினைச்சேன்."

கிண்ணத்திலிருந்து ஒரு சொட்டு அமலோற்பவத்தின் மணிக்கட்டில் இறங்கி முழங்கை வரை ஓடியது. அவள் துடைக்கவில்லை.

"அவர் கையில வெச்சுக்கிட்டே பேசிட்டிருந்தார். ரெஜினா அத்தை சாப்பிடுங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. நான் தண்ணி வைக்கிற சாக்குல கிட்டப் போய், 'ஒரு வாய்தானே'ன்னு காதுல சொன்னேன்."

"சாப்பிட்டாரா?"

"ஒரு ஸ்பூன் வாயில வெச்சார். எழுந்து பின்பக்கம் போயிட்டார். குழாயடியில துப்பிட்டு வாய் கொப்புளிச்சார். கொப்புளிச்சுக்கிட்டே இருந்தார். தண்ணி விழற சத்தம் கூடம் வரைக்கும் கேட்டுச்சு. அது அவங்களுக்குக் கேட்டுடக் கூடாதுன்னு நான் சத்தமா பேசினேன். பங்கனப்பள்ளி எங்க வாங்கினேன், கிலோ எப்படி வந்துச்சு, நார் இருக்கா இல்லையான்னு. வாய் ஓயாம பேசினேன் டீச்சர்."

"அப்புறம்?"

"வந்து உக்காந்தார். திரும்பக் கிண்ணத்தைக் கையில எடுத்துக்கிட்டார். அது தண்ணியாப் போச்சு. அத்தை ஏன்னு கேட்டாங்க. அவர் வாயைத் திறக்கிறதுக்குள்ள, பல் கூச்சம்னு நானே சொல்லிட்டேன்."

"சரி."

"சரி இல்ல டீச்சர். அவங்க தம்பி பல் டாக்டராம். நிச்சயத்துக்கு வரும்போது பார்க்கச் சொல்றேன்னுட்டுப் போயிருக்காங்க."

ஒதீலுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். சரியாக அடக்கவில்லை.

"சிரிக்காதீங்க டீச்சர். ஞாயித்துக்கிழமை நிச்சயம். மறுபடியும் சோர்பேதான் கேட்டிருக்காங்க. உருகாம இருந்தா அவர் சும்மா கையில வெச்சிருக்கலாம், யாருக்கும் தெரியாது. அதனாலதான் கேட்டேன். நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க."

"முதல்ல அதைக் கீழ வைங்க அக்கா."

வைத்தாள். உள்ளங்கை சிவந்திருந்தது. கிண்ணத்தின் வட்டம் அதில் அப்படியே பதிந்திருந்தது.

ஒதீல் வேறொரு கிண்ணத்தில் சோர்பே சுரண்டிப் போட்டாள். ஒயின் கலக்காதது, மணல் மாதிரி உதிர்ந்தது. ஒரு பாட்டிலைத் திறந்து மேலே கொஞ்சம் ஊற்றினாள். நுரை எழும்பிப் பழத்தின் மேல் ஏறி நின்றது. இருவரும் குனிந்து பார்த்தார்கள். அது அடங்கும் வரை சின்னதாக ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது.

"இதுதான் செய்முறை. முதல் நாளே சொன்னேன். மேசையில வெச்சு ஊத்தணும்."

"எல்லாரும் பார்ப்பாங்களே."

"பார்க்கத்தான் அக்கா ஊத்தறது."

அமலோற்பவம் அன்று புதிதாக ஒரு பாட்டில் வாங்கி, பாட்டிலாகவே வீட்டுக்கு எடுத்துப் போனாள். குளிர்பெட்டியில் படுக்க வைத்தாள்.

சவரிராயன் தண்ணீர் குடிக்கக் குளிர்பெட்டியைத் திறந்தார். பார்த்தார். கதவைப் பிடித்தபடியே நின்றார்.

"இது என்ன அமலி?"

"ஞாயித்துக்கிழமைக்கு. மேசையில வைக்கிறதுக்கு. உங்க கிண்ணத்துல ஊத்த மாட்டேன்."

"யார் ஊத்துவா?"

அதை அவள் யோசிக்கவில்லை.

"நான் ஊத்தறேன்" என்றார்.

"ஐயோ, நீங்க வேணாங்க."

"பாட்டிலை எனக்குத் தெரியும். அது முன்னாடி வந்து நின்னா, நீ யாருன்னு அதுகிட்டயே சொல்லிடுவேன். நீ பழத்துக்குள்ள ஒளிச்சு வெச்சதுதான் மூக்குக்கிட்ட வர்ற வரைக்கும் எனக்குத் தெரியல."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அன்னைக்கு நான்..." என்று அவள் ஆரம்பித்தாள்.

"குளிர் போகுது" என்று கதவைச் சாத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை காரைக்காலில் இருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். தட்டு மாற்றினார்கள். சாப்பிட்டார்கள். கடைசியில் சோர்பே வந்தது. ஒவ்வொருவர் முன்னாலும் மஞ்சள் மலை மாதிரி ஒரு கிண்ணம். சவரிராயன் பாட்டிலோடு எழுந்தார். தக்கையைச் சத்தமில்லாமல் கழற்றினார். ஒரு சொட்டு சிந்தாமல் ஒவ்வொரு கிண்ணமாக ஊற்றிக்கொண்டு வந்தார்.

பல் டாக்டர் வட்ட முகத்தோடு நல்ல மனிதராக இருந்தார். அதுதான் வம்பு.

"அக்கா சொன்னாங்க சம்பந்தி. எந்தப் பல்லு? சாப்பிட்டதும் ஒரு நிமிஷம் ஜன்னல் பக்கம் வாங்க. டார்ச் வெச்சிருக்கேன்."

சவரிராயன் ஊற்றுவதை நிறுத்தவில்லை. அமலோற்பவத்தைப் பார்த்தார். அன்று அவள் பார்த்த மாதிரி இல்லை. சும்மா பார்த்தார். நீ சொன்ன பொய், நீயே வைத்துக்கொள்ளலாம், வேண்டாமென்றால் நீயே எடுத்துவிடலாம் என்பது மாதிரி.

அவள் பல் என்று சொல்லிவிட்டால் அவர் ஜன்னல் பக்கம் போய் வாயைத் திறந்து காட்டிவிட்டு வருவார். அது அவளுக்குத் தெரிந்தது. அவளுக்காக அதையும் செய்வார். ஜொஸ்லின் புதுப் புடவையில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வேன் வாசலில் நின்றது. அவர்கள் எழுந்து கிளம்ப எவ்வளவு நேரமாகும்?

"பல்லுல ஒண்ணுமில்ல டாக்டர்" என்றாள் அமலோற்பவம்.

எல்லாரும் திரும்பினார்கள்.

"நான்தான் பொய் சொன்னேன். அன்னைக்கு அவர் கிண்ணத்துல ஒயினைக் கலந்து வெச்சதும் நான்தான். அவருக்குத் தெரியாம. அவர் குடிக்கிறதை விட்டு வருஷக்கணக்காச்சு. அதுக்கு முன்னாடி குடிச்சார். நிறையக் குடிச்சார். உங்களுக்குத் தெரிஞ்சா எனக்கு வெட்கம்னு மறைச்சேன்."

சவரிராயனின் கை அப்போதுதான் நின்றது. டாக்டரின் கிண்ணத்தில் நுரை பொங்கி வழிந்து மேசைவிரிப்பில் இறங்கியது.

ரெஜினா அத்தை சவரிராயனைப் பார்த்தாள். அமலோற்பவத்தைப் பார்த்தாள். கையில் பிடித்திருந்த ஸ்பூனைக் கீழே வைத்தாள். மாப்பிள்ளையின் அப்பா தொண்டையைக் கனைத்தார், ஆனால் கனைத்ததோடு சரி.

டாக்டருக்கு அந்த மௌனம் தாங்கவில்லை.

"அதான் இவ்ளோ நல்லா ஊத்துறாரா?" என்று சொல்லிவிட்டு, சொன்னது தப்போ என்று பயந்து போனார்.

"என் பங்கை நான் முன்னாடியே குடிச்சிட்டேன் டாக்டர்" என்றார் சவரிராயன். "உங்க பங்குலயும் கொஞ்சம் குடிச்சிருப்பேன்னு நினைக்கிறேன்."

முதலில் சிரித்தது ஜொஸ்லின். பிறகு மாப்பிள்ளை. பிறகு மேசையே சிரித்தது. ரெஜினா அத்தை மட்டும் சிரிக்கவில்லை. வழிந்த இடத்தில் தன் கைக்குட்டையைப் போட்டு ஒற்றினாள்.

"உக்காருங்கண்ணே" என்றாள். "நின்னுக்கிட்டே இருக்கீங்க. உங்க கிண்ணம் உருகுது பாருங்க."

சவரிராயன் உட்கார்ந்தார். ஒன்றும் ஊற்றாத தன் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டார். இன்னொன்று கேட்டு வாங்கியும் சாப்பிட்டார். தேதி குறித்தார்கள்.

இதோடு கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

அடுத்த வகுப்புக்கு அமலோற்பவம் வந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டரின் டார்ச் பற்றிச் சொன்னபோது ஒதீல் அடக்காமல் சிரித்தாள். மற்றவர்கள் போகும் வரை அமலோற்பவம் காத்திருந்தாள்.

"டீச்சர், எல்லாம் சரியாயிடுச்சு. அவர் எதையும் மனசுல வெச்சுக்கல. அன்னைக்கு நடந்ததைப் பத்திப் பேச்செடுத்தா, போதும் விடுன்னு சொல்றார்."

"அப்புறம் என்ன அக்கா?"

"எனக்குத்தான் விட மாட்டேங்குது. காலையில அவர் பல் தேய்க்கப் போறார். குழாயைத் திறக்கிறார். வாயைக் கொப்புளிச்சு அவர் வெளிய வர்ற வரைக்கும் அடுப்புப் பக்கம் திரும்பி நின்னுக்கறேன். பாத்திரத்தை உருட்டறேன். என்ன பண்ணினாலும் அந்தச் சத்தம் காதுல விழுது. அது எப்போ நிக்கும் டீச்சர்?"

ஒதீல் மேசையில் கிடந்த எச்சில் கிண்ணங்களை ஒவ்வொன்றாக அடுக்கி எடுத்துக்கொண்டு போய்க் கழுவும் தொட்டியில் வைத்தாள். குழாயைத் திறந்தாள். தண்ணீர் கிண்ணங்களின் மேல் விழுந்தது. கழுவ ஆரம்பிக்கவில்லை. திறந்துவிட்டு நின்றாள்.

அமலோற்பவம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"பேசாதீங்க அக்கா" என்றாள் ஒதீல். "அன்னைக்குத்தான் பேசிட்டீங்களே. இன்னைக்குக் கேளுங்க."